5 லட்சத்தில் வசதியான குடும்பக் கார்: மதுரையில் செகண்ட் ஹேண்ட் வண்டி பார்த்து எடுப்பது எப்படி

4 முதல் 6 லட்சம் ரூபாய் வரை வைத்துக்கொண்டு கார் தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு பக்கம் சாய்கின்றன. சிலர் வருஷம் புதுசாக இருக்க வேண்டும் என்று அடிமட்ட வேரியண்ட்டை எடுத்துவிட்டு, பின் ஜன்னலைக் கையால் சுற்றிக்கொண்டு போகிறார்கள். சிலர் அதே காசில் பத்து வருஷம் தாண்டிய பெரிய எஸ்யூவியை எடுத்துவிட்டு, மாதாமாதம் வொர்க்‌ஷாப்புக்குப் படியளக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். 2016 முதல் 2019 வரை வந்த செடான் அல்லது பெரிய ஹேட்ச்பேக்கில், மேல் வேரியண்ட்டாக, சிங்கிள் ஓனர் வண்டியாகப் பாருங்கள். அந்தக் காசுக்கு வசதியும் பாதுகாப்பும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான்.

புதுக் கார் விலையையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. 1,200 சிசிக்குள், 4 மீட்டர் நீளத்துக்குள் இருக்கும் வண்டிகள் இதில் அடக்கம். ஆனால் பழைய கணக்கிலேயே விலை சொல்லும் விற்பனையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று வருஷ ஹேட்ச்பேக்கின் விலை, அதே வண்டியின் இன்றைய புது ஆன்ரோடு விலையை நெருங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் வண்டிக்குப் போடாதீர்கள். 5 லட்சம் இருந்தால் 4.40 லட்சத்துக்குள் விலை முடிய வேண்டும். நான்கு டயர் மாற்றினால் 20,000 ரூபாய்க்கு மேல் போகும். பேட்டரி, எல்லா ஆயிலும் மாற்றி ஒரு முழு சர்வீஸ், பிரேக் பேட், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் என்று மிச்சமும் கரைந்துவிடும்.

எந்த வசதிக்குக் காசு கொடுக்கலாம்?

முதலில் ஏர்பேக், ஓங்கி பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ். 2019 ஏப்ரலுக்கு முந்தைய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம் இல்லை. டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. முன்பக்கம் இரண்டு ஏர்பேக் என்பது எல்லாக் கார்களுக்கும் வந்து சேர 2022 ஆனது. அதனால் 2018 மாடல் என்றாலே ஏர்பேக் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனியையும் வேரியண்ட்டையும் பொறுத்து மாறும். 2015 அக்டோபரில் வந்த பலேனோவில் கீழ் வேரியண்ட்டிலேயே இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு. அதே காலத்து வேறு சில கார்களின் நடு வேரியண்ட்டில்கூடக் கிடையாது.

இரண்டாவது ஏசி. சித்திரை வெயிலில் மாசி வீதிகளில் ஊர்ந்துகொண்டு போகும்போது பின் சீட்டில் இருக்கும் பெரியவருக்கும் பிள்ளைகளுக்கும் காற்று வர வேண்டுமென்றால் பின்பக்க ஏசி வென்ட் இருக்கும் வண்டியாகப் பாருங்கள். சியாஸில் உண்டு. 2014 முதல் 2020 வரை வந்த ஹோண்டா சிட்டி, எலைட் ஐ20 இவற்றின் மேல் வேரியண்ட்டுகளில் உண்டு. முதல் தலைமுறை பலேனோவில் டாப் எண்டில்கூடக் கிடையாது. குடும்பத்தில் ஆறு பேர் என்றால் எர்டிகா. அதில் கூரையில் வரும் பின் ஏசி இருக்கும் விஎக்ஸ்ஐயோ அதற்கு மேலோ எடுங்கள். மூன்று வரிசையும் நிறைந்தால் 2018 நவம்பரில் வந்த புது எர்டிகாவில்கூட டிக்கியில் 209 லிட்டர் இடம்தான் மிஞ்சும். திருச்செந்தூர் போய்த் தங்கிவரும் அளவு பைகள் அதில் அடங்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவதாக ரியர் வைப்பர், பின் கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் டீஃபாகர், உயரம் மாற்றும் டிரைவர் சீட், குழந்தை சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி. கொடைக்கானல் ஏறும்போது பின் கண்ணாடியில் பனி படிந்தால்தான் டீஃபாகரின் அருமை தெரியும். ஐசோஃபிக்ஸ் இருக்கிறதா என்று பார்க்க, பின் சீட்டின் அடியும் சாய்மானமும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் தடவுங்கள். ஒரு சீட்டுக்கு இரண்டு இரும்புக் கொக்கி தட்டுப்படும்.

சன்ரூஃப், கலர் மாறும் உள்விளக்கு, பெரிய அலாய் வீல் இவற்றுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் கடையில் வாங்கி மாட்டக்கூடியது. ஏர்பேக்கை அப்படி மாட்ட முடியாது.

மேல் வேரியண்ட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிக்கியில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பாதீர்கள். அந்த எம்பளம் கடையில் கிடைக்கும். ஆர்சியில் மாடல் வரியில் வேரியண்ட் அச்சாகியிருக்கும். மாருதியில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ என்று ஏறும். மாருதியின் நெக்ஸா ஷோரூமில் விற்கும் பலேனோ மாதிரி வண்டிகளில் சிக்மா, டெல்டா, ஜீட்டா, ஆல்ஃபா. ஹூண்டாயில் எரா, மேக்னா, ஸ்போர்ட்ஸ், ஆஸ்டா. டாடாவில் எக்ஸ்இ, எக்ஸ்எம், எக்ஸ்டி, எக்ஸ்இசட். ஹோண்டா சிட்டியில் எஸ், எஸ்வி, வி, விஎக்ஸ். கீழ் வேரியண்ட்டில் ஸ்கிரீனும் அலாய் வீலும் மாட்டி டாப் எண்ட் என்று விற்பது சர்வ சாதாரணம். வெளியே மாட்டிய ஸ்கிரீனாக இருந்தால் அதன் பின்னால் வயரை வெட்டி ஒட்டியிருக்கிறார்களா, கப்ளர் (செருகும் இணைப்பான்) போட்டிருக்கிறார்களா என்று ஒரு எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். நான்கு நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கும் வண்டிகளில் பாதிக்கு இந்த ஒட்டு வேலைதான் காரணம்.

இந்த பட்ஜெட்டில் தேடும்போது சில வண்டிகளைப் பற்றி நேராகவே சொல்லிவிடலாம். 2017 பிப்ரவரிக்குப் பிந்தைய ஹோண்டா சிட்டியில் எல்லா வேரியண்ட்டிலும் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ், ஐசோஃபிக்ஸ் உண்டு. டிக்கி 510 லிட்டர். நான்கு பேர் குடும்பத்துக்கு இதைவிட முழுமையான வண்டி இந்த விலையில் குறைவு. பழைய சிட்டி, ஜாஸ் பார்க்கிறவர்கள் தகாட்டா கம்பெனியின் பழுதான ஏர்பேக்கை மாற்றித் தரும் ரீகால் முடிந்துவிட்டதா என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஹோண்டா சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ரீகால் வேலைக்குக் காசு வாங்கமாட்டார்கள். டாடா நெக்ஸான் 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 ஸ்டார் வாங்கியது. உடம்பு கெட்டி. எலக்ட்ரிக்கல் சில்லறை வேலைகளுக்கு மட்டும் கொஞ்சம் தயாராக இருங்கள். டொயோட்டா எட்டியோஸ் உழைக்கும் வண்டிதான், ஆனால் சந்தைக்கு வருவதில் டாக்ஸி ஓடியவை நிறைய. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததால் ஆஸ்பயர், ஈக்கோஸ்போர்ட் விலை இறங்கிக் கிடக்கிறது. ஆஸ்பயரின் டாப் எண்டில் 6 ஏர்பேக் வரை உண்டு. சர்வீஸ் சாமான் கிடைக்கும். பம்பர், ஹெட்லைட் உடைந்தால் காத்திருக்க வேண்டி வரும். அந்தப் பொறுமை இருந்தால் லாபமான வண்டி.

ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் சிவிடி (பெல்ட் மூலம் குலுக்கல் இல்லாமல் மாறுவது) அல்லது டார்க் கன்வர்ட்டர் (ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்துவது) வகை பாருங்கள். சாதாரண கியர்பாக்ஸையே தானாக மாற்றும் ஏஎம்டி கொஞ்சம் குலுக்கும், ரிப்பேர் கட்டுப்படியாகும். இரட்டைக் கிளட்ச் வகையான டிசிடி அல்லது டிஎஸ்ஜி கியர்பாக்ஸ், அதிலும் வாரண்டி முடிந்த உலர் கிளட்ச் வண்டி, இந்த பட்ஜெட்டுக்கு ஆகாது. கோரிப்பாளையம் மாதிரி நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்தே அதன் கிளட்ச் சூடாகித் தேயும். கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தொடும்.

டீசல் மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஓடினால் அந்தக் கரி எரியும் அளவுக்குச் சூடேறாமல் அடைத்துக்கொள்ளும்.

வண்டி பார்க்கப் போகும்போது

ஏசியைச் சோதிக்கப் பகல் 12 மணிக்கு மேல் போங்கள். சாயங்காலம் பார்த்தால் எல்லா ஏசியும் நன்றாகத்தான் இருக்கும். ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டி என்றால் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவித் தொட்டுப் பாருங்கள். சுட்டால் ஏற்கெனவே ஓட விட்டிருக்கிறார்கள். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தத்தையும் புகையையும் மறைக்கத்தான் அது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, கூலண்ட் குறைவது, ஆயில் மூடியின் உட்பக்கம் பாலாடை மாதிரி படிந்திருப்பது மூன்றும் சேர்ந்தால் எஞ்சினின் தலைப்பகுதிச் சீலான ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அந்த வண்டியை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், செக் எஞ்சின் விளக்குகள் எரிய வேண்டும். ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் சில வினாடியில் அணைய வேண்டும், செக் எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு அணையவில்லை என்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அது பெரிய கோளாறு: விபத்தில் ஏர்பேக் வெடித்து, புதுசு போடாமல், விளக்கை மட்டும் பிடுங்கியிருக்கலாம். சிலர் அந்த வயரை வேறு விளக்கோடு இணைத்துவிடுவார்கள். அப்போது ஏர்பேக் விளக்கும் அந்த விளக்கும் ஒரே நொடியில் சேர்ந்து அணையும். அதையும் கவனியுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்து, ஹாரனும் ஸ்டீயரிங் பட்டன்களும் சேர்ந்து வேலை செய்யாவிட்டால் ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஸ்பைரல் கேபிள் அறுந்திருக்கும். அது மாற்றக்கூடியதுதான், விலையில் கழித்துக்கொள்ளலாம்.

சமையலுக்கு விற்கும் குச்சித் தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்துப் போங்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏசியை முழுக் குளிரில், உள்காற்று சுழற்சியில் வைத்து 10 நிமிஷம் ஓட்டிவிட்டு நடு வென்ட்டில் செருகுங்கள். 8 முதல் 12 டிகிரி வந்தால் நல்லது. 15-ஐத் தாண்டினால் கேஸ் குறைவு, கூலிங் காயில் லீக், கம்ப்ரஸர் தளர்வு, கண்டென்ஸரில் தூசி அடைப்பு, இதில் ஏதோ ஒன்று. ‘கேஸ் அடிச்சாப் போதும் சார்’ என்பார்கள். கேஸ் தானாகக் குறையாது, எங்கோ கசிகிறது. கூலிங் காயில் என்றால் பல வண்டிகளில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். அடித்துத் தரச் சொல்லி வாங்குவதைவிட, அந்தச் செலவை விலையில் குறைத்துக்கொண்டு நீங்களே சரிசெய்வது மேல்.

பிறகு ஒவ்வொரு பட்டனாக. நான்கு ஜன்னலும் மேலும் கீழும், சைடு மிரர் மடக்கம், சென்ட்ரல் லாக், வைப்பர் மூன்று வேகம், ரிவர்ஸ் கேமரா, எல்லா விளக்கும். ஸ்மார்ட் கீ வண்டி என்றால் இரண்டு சாவியும் கைக்கு வர வேண்டும். ஒன்று தொலைந்திருந்தால் புதுச் சாவி, கோடிங் என்று ஐந்து இலக்கச் செலவு வரலாம். சன்ரூஃப் இருந்தால் திறந்து, முன் மூலைகளில் ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் வழிந்து தரையில் இறங்க வேண்டும். அங்கேயே தேங்கினால் குழாய் அடைத்திருக்கிறது. அடுத்த மழையில் கூரைத் துணி நனையும்.

வெள்ளமும் உப்பும்

இந்தப் பக்கத்துச் சந்தையில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளம், 2023 டிசம்பரில் முதலில் சென்னை, பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி. தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்து வேறு ஊர்களில்தான் விலைக்கு வரும். டிஎன் 69, டிஎன் 72 என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு ஓனர் மாறியிருந்தால் கண்ணை அகலத் திறந்து பாருங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். கழுவும்போது எட்டாத அந்தக் கடைசி இரண்டடியில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். முன் கார்ப்பெட்டைத் தூக்கி அடிப் பஞ்சை அழுத்திப் பாருங்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஃபியூஸ் பெட்டியிலும் டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள கப்ளர்களிலும் பச்சைக் களிம்பு. இவை வெள்ள வண்டியின் அடையாளங்கள். பத்து நாளில் பர்ஃப்யூம் வாசம் போய்ப் பூஞ்சை வாடை வரும். ராமேஸ்வரம், தூத்துக்குடிக் கடற்கரையில் நின்ற வண்டிக்கு அடிப்பாகத்தில் துரு இருக்கும். ஊருக்குள்ளேயே உப்புப் போர்த் தண்ணீரில் கழுவிய வண்டிக்குக் கண்ணாடியிலும் கறுப்புப் பெயிண்ட்டிலும் அழியாத வெள்ளைப் பொட்டு இருக்கும். அது அழகுக் குறைதான். அடித்துருதான் ஆபத்து. ராம்ப்பில் ஏற்றி, ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள்.

அடிபட்ட வண்டி, மீட்டர் குறைத்த வண்டி

பெயிண்ட் பளபளப்பை விட்டுவிட்டு போல்ட்டைப் பாருங்கள். பானெட் கீல், முன் ஃபெண்டர், கதவுக் கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் கழற்றியிருக்கிறார்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைப் பாடி நெடுக நகர்த்துங்கள். பட்டி தடவிய இடத்தில் ஒட்டாமல் நழுவும். ஒரு கதவு, ஒரு ஃபெண்டர் டிங்கரிங் பார்த்திருப்பது குற்றமில்லை. மதுரைத் தெருக்களில் கீறல் படாத கார் வீட்டிலேயே நின்ற கார்தான். கதவு ரப்பர் பீடிங்கை உருவி, கூரையைத் தாங்கும் தூணான பில்லரைப் பாருங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் ஒரே இடைவெளியில் குழிகுழியாக இருக்கும். அது இல்லாமல் வழவழவென்று இருந்தாலோ, பில்லரிலோ, பானெட்டுக்குள் முன் சக்கரத்தை ஒட்டிய தகடான ஏப்ரனிலோ வெல்டிங் தடம் இருந்தாலோ எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். எல்லாக் கண்ணாடியிலும் உற்பத்தி வருஷக் குறியீடு ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீட்டர் 45,000 காட்டுகிறது, ஆனால் கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் வழுக்கி, ஸ்டீயரிங் மினுமினுத்து, டிரைவர் சீட் ஓரம் அமுங்கியிருக்கிறது என்றால் 45,000 பொய். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 2018 வண்டியில் நான்கு டயரும் 2021-ல் தயாரானவை என்றால் அதற்குள் ஒரு செட் தேய்ந்து முடிந்திருக்கிறது. மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று கணக்குப் போடுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரி பிரிண்ட் எடுத்துத் தரும்படி ஓனரிடம் கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில். எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மெக்கானிக் மாட்டும்போது, பிழைக் குறியீடு இல்லை என்பதோடு நிறுத்தாமல், குறியீடுகளை அழித்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 10 கிலோமீட்டர் என்று காட்டினால் நீங்கள் வருவதற்காகவே அழித்திருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்க்கத் தெருவுக்குள் ஒரு சுற்று போதாது. நெரிசலில் கொஞ்சம், நத்தம் ரோடு மேம்பாலத்தில் கொஞ்சம், மோசமான உள்ரோட்டில் கொஞ்சம். மேம்பால ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழுசாக அழுத்தும்போது எஞ்சின் சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுப்பது அலைன்மெண்ட்டாக இருக்கலாம், சேசிஸ் வளைவாகவும் இருக்கலாம். உள்ரோட்டில் கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். ‘டொக் டொக்’ சத்தம் வந்தால் சஸ்பென்ஷன் பாகங்களான லோயர் ஆர்ம், லிங்க் ராட் தேய்ந்திருக்கலாம். ஆள் இல்லாத ரோட்டில் 40-ல் வந்து பிரேக்கை ஓங்கி மிதித்தால் பெடல் காலில் துடிக்க வேண்டும், அதுதான் ஏபிஎஸ் வேலை செய்வது. திரும்பி வந்து ஐந்து பேரை ஏற்றி ஒரு வேகத்தடையைத் தாண்டிப் பாருங்கள். குலதெய்வக் கோயிலுக்கு மண் ரோட்டில் போகும்போது அடி தட்டுமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பேப்பர்

எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவு தேதி, இன்சூரன்ஸ் காலம் முதலியவை வரும். ஆர்சியில் ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி மேல் கடன், இருந்தால் பேங்க் என்ஓசியும் படிவம் 35-ம் இல்லாமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். டி போர்டாக ஓடி ஓன் போர்டாக மாறிய வண்டியா என்று பார்க்கப் பழைய ஆர்சி நகலையும் இன்சூரன்ஸ் பாலிசிகளையும் கேளுங்கள். கூரையில் கேரியர் போல்ட் துளையை அடைத்த தடமும் காட்டிக்கொடுக்கும். 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டியில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இல்லையென்றால் ஏன் கழற்றினார்கள் என்று விசாரியுங்கள். சேசிஸ் நம்பரை ஆர்சியோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். நிலுவையில் இருக்கும் இ-சலான் விற்பவர் பொறுப்பு. கட்டிய ரசீதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். கேரளா, புதுச்சேரி பதிவு வண்டி மலிவாகத் தெரியும். படிவம் 28 என்ஓசி, இங்கே மறுபதிவு, ஆயுள் வரி எல்லாம் சேர்த்தால் அந்த மலிவு காணாமல் போகும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விலாசத்தைப் பொறுத்து மதுரையில் டிஎன் 58, 59, 64 என்று எந்த ஆர்டிஓ அலுவலகமோ அங்கே. தமிழ்நாட்டுக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் அந்த 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுங்கள். கிளைம் கேட்காததற்குத் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் விற்றவருக்குச் சொந்தம், உங்களுக்கு வராது. அதனால் பிரீமியத்தில் வித்தியாசம் கட்ட வேண்டியிருக்கும். புரோக்கர் மூலம் என்றாலும் ஆர்சியில் பெயர் உள்ளவரை ஒருமுறை நேரில் பார்த்து, பணத்தை அவர் கணக்குக்கே அனுப்புங்கள்.

விலை பேச ஆடி மாதம் நல்ல காலம். வண்டி எடுக்க யாரும் வராததால் கடைக்காரர் இறங்கி வருவார். வீட்டில் பெரியவர்கள் சம்மதிக்காவிட்டால் ஆடிக் கடைசியில் அட்வான்ஸ் போட்டு ஆவணியில் டெலிவரி எடுத்துக்கொள்ளலாம். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்களில் பேரம் படியாது.

டெலிவரி எடுக்கும்போது தேதியும் மணியும் போட்டு இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நிமிஷத்துக்கு முந்தைய சலானும் விபத்தும் அவருடையது என்பதற்கு அதுதான் சாட்சி. பழைய ஓனரின் ஃபாஸ்டேக்கை அவரே மூட வேண்டும். புதுசு ஒட்டாமல் கப்பலூர் டோல் பக்கம் போகாதீர்கள். முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்து, மாற்றியதற்கு பில் இல்லையென்றால் அதையும் அப்போதே மாற்றுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினையே இறக்க வேண்டி வரும்.